கையொப்பம்

வெருலம் நீதிமன்றத்தில் பதினோராம் எண் அறைக்கு வெளியே
மூன்று நாற்காலிகள். ஒன்றுக்குக் கால் ஆடும்.
ஆடுவதுதான் எனக்கு எப்போதும் வாய்க்கிறது.

முதல் தடவை வந்த அன்று
கண்ணாடிக்குப் பின்னால் இருந்த நொம்புசோ
நிமிர்ந்து பார்க்காமல்
"எங்கே அடித்தார், சிஸி?" என்றாள்.
"சமையலறையில்" என்றேன்.
பேனா நின்றது.
"உடம்பில் எங்கே?"

இடது காது. தோள்பட்டை.
பிறகு மணிக்கட்டு;
அம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்த அதே மணிக்கட்டு.

காப்புக் கட்டிய பத்து நாளும்
அவன் இறைச்சி தொடவில்லை, பிராந்தி தொடவில்லை.
என்னைத் தொடக்கூடாதென்று
விரத விதியில் ஒருவரும் எழுதிவைக்கவில்லை.
பதினோராம் நாள்
தீயில் இறங்கி நடந்தான்.
பாதத்தில் ஒரு கொப்புளம் இல்லை என்று ஊரே பார்த்தது.

எனக்குக் கிடைத்தது தாளில் ஒரு காப்பு.
நான்கு பக்கம், ஊதா முத்திரை.
லோகநாதன் முனுசாமி மூட்லி என்ற பெயர்
முதல் பக்கத்தில் ஒரே ஒருமுறை;
அப்புறமெல்லாம் எதிர்மனுதாரர்.
எதிர்மனுதாரர் வீட்டுக்குள் வரக்கூடாது,
மருந்துக்கடைக்கு வரக்கூடாது,
பிறர் மூலமும் மிரட்டக்கூடாது.
ஒரு பிரதி கைப்பையில், ஒன்று காவல் நிலையத்தில்,
மூன்றாவது பிரீசரில், பட்டாணிப் பைக்கு அடியில்.
அவன் ஒருநாளும் சமைத்ததில்லை.

காபரோனில் வேலை கிடைத்தது மார்ச்சில்.
மருந்துக்கடைதான், சம்பளம் ஒன்றரை மடங்கு,
மாடியில் இரண்டு அறை.
நான் போகலாம்.
தெஷ்னி எல்லை தாண்ட
அப்பாவின் கையொப்பம் வேண்டும்.

அவனை என்னிடமிருந்து தள்ளி நிறுத்திய அதே சட்டம்
அவனிடம் போய்க் கேள் என்கிறது.

கையொப்பம்.
சொல்லுக்குள்ளேயே கை இருக்கிறது.
அந்தக் கையை எனக்குத் தெரியும்.

தெரியும் என்பதால் இதையும் சொல்ல வேண்டும்:
சனிக்கிழமைகளில் சமூகநல அலுவலகத்தில்
ஒரு மணி நேரம், ஒருவர் பார்த்திருக்க,
மகளுக்குப் பென்சில் சீவிக் கொடுக்கிறான்.
சுருள் கீழே விழாமல்
உள்ளங்கையில் ஏந்திக்கொள்கிறான்.
அவள் அந்தச் சுருள்களை வீட்டுக்குக் கொண்டுவருகிறாள்.
என்னால் குப்பையில் போட முடிவதில்லை.

குடும்ப விசாரணைக்கு வந்த அம்மையார்
பிள்ளையை ஒரு வீடு வரையச் சொன்னார்.
இரண்டு கதவு வைத்தாள்.
அம்மையார் புருவத்தை உயர்த்தி
நீளமாக ஏதோ குறித்துக்கொண்டார்.
எங்கள் வீட்டுக்கு உண்மையிலேயே இரண்டு கதவு.

போன வாரம் அவன் வக்கீல் அழைத்தார்.
குரலில் நெய் வடிந்தது.
காப்பு ஆணையைத் திரும்பப் பெற்றால்
மறுநாளே ஒப்புதல் வருமாம்.
"இரண்டு பேருக்கும் நல்லது, மேடம்."
அப்போது நான் இருமல் மருந்து அளந்துகொண்டிருந்தேன்.
ஐந்து மில்லி. கை நடுங்கவில்லை.
மாட்டேன் என்றேன்.
உயர் நீதிமன்றம், டர்பன், ஆகஸ்டு என்றார்,
நெய் இல்லாமல்.

இன்று பத்தே காலுக்கு அவன் வந்தான்.
வெள்ளைச் சட்டை. மடிப்பு அவனே போட்டது,
ஒரு பக்கம் இரட்டைக் கோடு.
காவலர் அவனைத் தண்ணீர்த் தொட்டி அருகே நிறுத்தினார்.
நான் சுவரில் இருந்த காசநோய் விளம்பரத்தைப்
பன்னிரண்டு முறை வாசித்தேன்.

நொம்புசோ ஒரு தாளை நீட்டினாள்.
அவன் சட்டைப் பையைத் தடவினான்.
பேனா இல்லை.
அவளுடைய பேனாவும் தீர்ந்திருந்தது,
இரண்டு முறை உதறிப் பார்த்தாள்.
பிறகு என் பக்கம் திரும்பினாள்.

கைப்பையில், ஆணைக்கும் டாக்ஸிச் சில்லறைக்கும் நடுவே
என்னிடம் ஒன்று இருந்தது.
கொடுத்தேன், அவளிடம்.
அவள் அவனிடம்.

திரும்பி வந்தபோது மூடியில் புதிதாகப் பல் தடம்.
பதினான்கு வருடம் எங்கள் வீட்டுப் பேனாக்கள் எல்லாவற்றிலும்
இருந்த அதே தடம்.
எதில் கையெழுத்துப் போட்டான் என்று
நான் இன்னும் கேட்கவில்லை.
நாற்காலி ஆடுகிறது.