கைமாற்று

ஜனவரி.
அணைக்குப் பின்னால் ஏரி
பனிப்பலகையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடக்கிறது.
நேற்றைக்கு இன்று நான்கு விரல் குறைவு.
பதிவேட்டில் சென்டிமீட்டர் என்றுதான் எழுதுவேன்,
மனக்கணக்கு விரலில்.

இரவுப் பணி எனக்கு. புருல்கான் என்று பெயர்.
ஆறு சுழலிகளில் இரண்டுதான் ஓடுகின்றன.
மற்ற நாலையும் ஓட விட்டால்
கிர்கிஸ் மலைகளில் எல்லார் வீட்டிலும் இன்றைக்கு வெந்நீர்.
ஜூலையில்
எல்லைக்குக் கீழே உஸ்பெக் பருத்தி
வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்.

அதனால்தான் இந்த ஏற்பாடு:
குளிரில் அவர்கள் கொஞ்சம் மின்சாரம் தருவார்கள்.
கோடையில் நாங்கள் தண்ணீர் விடுவோம்.
தலைநகரங்களில் இதற்குப் பெரிய பெயர்,
முத்திரை, இரண்டு பேனா, கைகுலுக்கல்.
எனக்கு இது கைமாற்று.
பக்கத்து வீட்டில் அரை ஆழாக்கு எண்ணெய்
வாங்குவது போல.

மஞ்சள் தொலைபேசியில் அஸ்ரோர்.
கீழே, சமவெளியில், எரிவாயு நிலையம்.
ஒன்பது வருஷக் குரல், முகம் தெரியாது.
நடுவில் ரஷ்ய மொழி,
அதிலும் பெரும்பாலும் எண்கள்.

‘எண்பது தரலாம். ஆறு மணி வரைக்கும்.’
‘நூற்றிருபது கேட்டிருந்தேன்.’
‘குழாயில் அழுத்தம் இல்லை, புருல்கான்.
இங்கேயும் குளிர்.’

வடக்கே கசாக் நிலக்கரிக்கு அழைத்தேன்.
எடுத்தது ஷோல்பான்.
முதலில் இருமல் வரும், பிறகுதான் வணக்கம்.
இருமலுக்கும் கரிக்கும் சம்பந்தமில்லை என்பாள்,
சிகரெட்தானாம்.
அவளிடம் முப்பது இருந்தது.

நீர், வாயு, கரி.
கம்பியில் ஏறியபின் எதற்கும் சாதி கிடையாது.
மூன்று நாட்டுக்கும் ஒரே நாடி,
நொடிக்கு ஐம்பது.
ஓரிடத்தில் மூச்சு வாங்கினால்
மற்ற இரண்டு இடத்திலும் விளக்கு நடுங்கும்.

இரண்டு பத்துக்கு
முள் சரிந்தது.
நாற்பத்தொன்பது புள்ளி எட்டு.
ஏழு.
அஸ்ரோர் எண் சொல்லவில்லை.
‘எதையாவது வெட்டு’ என்றான்.

வெட்டவேண்டிய வரிசை கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது.
அன்றைக்கு முறை பதினோராம் தடத்துக்கு.
அதில் என் வீடு.
அதில் பள்ளிக்கூடம், ராத்திரியில் யாரும் இல்லை.
அதில் கனிகே,
பின்கட்டில் அடைகாக்கும் பெட்டி,
இருநூறு முட்டை, பதினாறாம் நாள்.
போன வாரம்தான் கூட்டிப்போய்க் காட்டினாள்.
ஒரு முட்டையை விளக்குக்கு நேரே பிடித்து,
‘பார், துடிக்குது’ என்றாள்.

பன்னிரண்டாம் தடத்தை வெட்டலாம்.
யார் கேட்கப்போகிறார்கள்?
அதில் எனக்குத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

பதினொன்று.
விசை கீழே இறங்கியபோது
சத்தம்கூடப் பெரிதாக இல்லை.

முள் ஏறியது. ஐம்பது.
‘நன்றி’ என்றான் அஸ்ரோர்.
இருமினாள் ஷோல்பான்.
தேநீரில் ஆடை கட்டியிருந்தது.

இரண்டு மணி நாற்பது நிமிடம்.

மறு வாரம் கனிகே சொன்னாள்:
‘நூற்றி நாற்பது பொரிச்சுது.’
வேறெதுவும் கேட்கவில்லை.
எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியுமா,
தெரியாது.
மீதி அறுபது
எந்த நாட்டுக் கணக்கிலும் வராது.

ஜூலையில் மதகைத் திறந்தேன்.
தண்ணீர் இறங்கிப் போனது,
எல்லைச் சாவடியில் நிற்காமல், யாரையும் பார்க்காமல்.

ஆகஸ்டில் ஒரு லாரிக்காரன்
முலாம்பழம் ஒன்று கொண்டுவந்து வைத்தான்.
மேலே பேனாவில் அஸ்ரோர்.
சாவடியில் மூன்று நாள் நின்றதாம்.
ஒரு பக்கம் அழுகல்.
மறுபக்கம்,
சொன்னால் நம்பமாட்டீர்கள், அப்படி ஒரு இனிப்பு.
ஆற்றைத் தொட்டதுபோல் விரலெல்லாம் ஈரம்.

தோலைக் கொண்டுபோய்
கனிகேயின் கோழிகளுக்குப் போட்டேன்.
ஓடிவந்தன.
எத்தனை என்று எண்ணவில்லை.