முதல் வினாடி

காலையில் முதலில் ஊதுவது மனிதரில்லை.
மூன்று லிட்டர் பிடிக்கும் பிளாஸ்டிக் பம்பு.
தள்ளுகிறேன். மூன்று என்கிறது கருவி.
இன்னொரு தரம். மூன்று.
பம்புக்கு எண் 0000.
எந்த நெஞ்சிலும் இல்லாத அந்தக் காற்றை வைத்துத்தான்
புதுவயலின் மூச்சை அளக்கிறேன்.

அரிசி ஆலை வாசலில் மேசை.
அட்டைக் குழாய் ஒரு பெட்டி, மூக்குக்குக் கிளிப்பு,
அறுபத்திரண்டு கேள்விகள்.
பீடி உண்டா, வீட்டில் விறகா கேஸா,
மாடி ஏறினால் இளைக்குமா?

"மாடிக்கு நான் எங்க போவேன்" என்றார் அடைக்கலம்.
"பாய்லர் மேடை ஏறுவேன், பதினோரு படி.
ஏழாவதுல நிப்பேன்."
ஏழாவது படிக்குத் தாளில் கட்டமில்லை.
ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.

இருபத்தாறு வருஷம் நெருப்புக்கு உமி ஊட்டியவர்.
பீடி தொட்டதில்லை.
"கண்டனூர்க் கோயில்ல நாயனக்காரரு இருக்க
என்னையப் போயி ஊதச் சொல்றீகளே" என்று சிரித்தார்,
சிரிப்பின் பாதியில் இருமினார்.

இழுங்க, இழுங்க, நெஞ்சு நிறைய.
இப்ப ஊதுங்க
விடாதீங்க இன்னும் இன்னும் இன்னும்
இன்னும்
கத்துவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

நல்ல நெஞ்சென்றால் உச்சி தொட்ட கோடு
நேரே சரிந்து இறங்கும்.
அவர் கோடு
புளியமரத்தில் கட்டிய தூளியாய்த் தொங்கியது.
நூற்றில் எழுபதாவது முதல் வினாடியில் வெளியே வரணும்.
நாற்பத்தொன்று வந்தது.

காற்று போதாத நோய் என்றே நினைத்திருந்தேன்.
இல்லை. போன காற்று திரும்பி வராத நோய்.
ஆய்வு டாக்டர் ஒருமுறை
தெருக்கோடி வரை நீண்ட ஒரு வீட்டைக் காட்டிச் சொன்னார்:
உள்சுவரையெல்லாம் எடுத்துட்டா
கூடம் பெருசாத்தான் தெரியும்,
குடியிருக்க அறை இருக்காது.

இரண்டாம் வருஷம் முப்பத்தாறு.
ஐந்தாவது படி.

மூன்றாம் வருஷம் வீடு தேடிப் போனேன்.
கைக்கருவியில் அவர் எண்ணுக்கு நேரே மூன்று சொற்கள்:
இடம் மாறினார். மறுத்தார். இறந்தார்.
ஒன்றைத் தொட்டால்தான் அடுத்த பக்கம் திறக்கும்.
தொட்டேன்.
செம்மண் ஒட்டிய செருப்போடு வாசலிலேயே நின்றிருந்தேன்.

ராக்கு தண்ணீர் கொண்டுவந்தார்.
சொம்பைக் கொடுத்துவிட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு
மூச்சு வாங்கினார்.
"என்னைய ஏன் ஒரு தடவகூட ஊதச் சொல்லல?"
ஆலை ஏட்டில் பெயருள்ளவர்கள்தான் ஆய்வில், என்றேன்.
பத்தொன்பது வருஷம் அதே ஆலைக் களத்தில்
அவித்த நெல் கிண்டியவர், தூசி கூட்டியவர்,
அன்றன்றைக்குக் கூலி.
"ஏட்டுல பேரு இருந்தாத்தான் நெஞ்சு இருக்குமோ?"

பையில் குழாய் இருந்தது.

ஊதினார். நான் கத்தவில்லை.
அவரே தனக்குச் சொல்லிக்கொள்வதுபோல்
கண்ணை இறுக்கி, முந்தானையைக் கசக்கிப் பிடித்து
இரண்டு, நான்கு, ஆறு வினாடி.
தூளி. அதே தூளி.
முதல் வினாடியில் முக்கால் லிட்டர்.

எண் என்ன, கேட்டது கருவி.
ராக்கு என்று தட்டினேன்.
எழுத்தை ஏற்காது அது.
அவருக்கென்று ஓர் எண்ணை
மதுரையில்தான் தர முடியும், தரமாட்டார்கள்.
கொஞ்ச நேரம் யோசித்தேன்.
நான்கு சுழியம் போட்டேன்.

காகிதத்தை அவரிடம் கொடுத்தேன்,
பெரியாஸ்பத்திரியில் காட்டச் சொல்லி.
மடித்து ரேஷன் கார்டு உறைக்குள் வைத்தார்.

ஒன்பது நாள் கழித்து மதுரையிலிருந்து போன்.
"பம்புப் பதிவுல ஒரு நாள் மட்டும் பாதிகூட வரலம்மா.
எங்கயாவது ஒழுகுதா பாருங்க.
இல்லன்னா அந்த வரியை அழிச்சிடுறேன்."

பம்பைக் கையில் எடுத்தேன்.
தள்ளினேன். மூன்று.

ஒழுகல சார், என்றேன்.
அளவு சரிதான்.
அழிக்காதீங்க.