மூன்று பதினேழுக்குப் பிறகு

மூன்று பதினேழு. ஆண் குழந்தை. அழுதுவிட்டான்.
சிற்றூழியர் கமலாவதி சிரித்தாயிற்று.
எல்லோரும் அவனையே பார்க்கிறார்கள்.
நான் இன்னும் பார்க்கவில்லை.

என் இடதுகை நுஸ்ஹாவின் அடிவயிற்றில்.
இந்நேரம் கருப்பை
கிரிக்கெட் பந்தாய் இறுகியிருக்க வேண்டும்.
தேநீரில் ஊறிய பாண்போலத்
தொய்ந்து கிடக்கிறது.

வட்டமாய் அழுத்தித் தேய்க்கிறேன்.

வாழைத்தோட்டத்திலிருந்து
மழைக்குள் ஓட்டோவில் வந்தவள்.
கிளினிக் அட்டையைப் பொலித்தீன் பையில் சுற்றி
மார்போடு அணைத்திருந்தாள்.
அதில் இரும்புச்சத்துக் குளிசைக் கணக்கு,
திரிபோஷா வாங்கிய திகதிகள்,
எட்டாம் மாதம் காலில் வீக்கம் என்று
அவள் பகுதி மருத்துவிச்சி
சிவப்பு மையில் இட்ட கோடு.
அந்த மருத்துவிச்சியை நான் கண்டதில்லை.
கையெழுத்து மட்டும் பழக்கம்;
'க'வுக்கு வால் நீளம்.

வலி முற்றியபோது சுனேத்ரா
"தல்லு கரன்ன" என்றாள்.
நுஸ்ஹாவுக்குச் சிங்களம்
கடைக்கணக்கு வரைக்கும்தான்.
ஆனாலும் தள்ளினாள்.
இரண்டு பாஷைக்கும் பொதுவாய்க் கிடந்த சொல்.
"முக்கு பிள்ளை, மூச்சை விட்டிராதே" என்று
நான் சேர்த்தது வெறும் கொசுறு.

இப்போது சிவப்பு.
முதல் துணி. இரண்டாம் துணி.
தேநீர்க் கோப்பையால் அளக்கக்
கண் பழகியிருக்கிறது:
ஒன்று, ஒன்றரை,
"டொக்டரைக் கூப்பிடு" என்கிறேன்
கடைக்கு ஆளனுப்பும் குரலில்.
ஊசி போட்டாயிற்று. ட்ரிப் ஏறுகிறது.
தேய்க்கிறேன்.
கமலாவதி சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

"யார மாதிரி, மிஸ்?"
உதடு வெளுத்துக் கேட்கிறாள் நுஸ்ஹா.
"உன்ட மூக்கேதான்" என்கிறேன்,
கண் துணியில்.

மூன்று முப்பத்தொன்று.
உள்ளங்கைக்குக் கீழே ஏதோ திரண்டு
முரண்டு பிடித்து
மெல்லப் பந்தாகிறது.
டொக்டர் ஓடிவந்து தொட்டுப் பார்த்து
"குட்" என்றார், மூச்சு வாங்க.
படிவத்தில் இரத்த இழப்புக்கு ஒரு கட்டம் உண்டு.
நிரப்பினேன்.
பதினாலு நிமிடத்துக்குக் கட்டம் இல்லை.

ஏழு மணிக்கு ஷிஃப்ட் மாறியபின் போய்ப் பார்த்தேன்.
தாயின் மார்பில் ஒட்டித் தூங்குகிறான்.
மூக்கு அவளுடையதில்லை.

கேற்றடியில்
பார்வை நேரம் இன்னும் வரவில்லை என்ற காவலாளியிடம்
பிளாஸ்க்கைத் தூக்கிக் காட்டி
மன்றாடிக்கொண்டிருந்தான் ஒருவன்.
அதே மூக்கு.
நடுவில் கொஞ்சம் வளைந்து,
மழையில் நனைந்து.

"ஆறாம் கட்டில். ரெண்டு பேரும் சுகம்"
என்றேன் அவனிடம்,
பொரளைச் சந்தியில் புறப்பட்டுவிட்ட
மட்டக்குளி பஸ்ஸுக்குக் கைகாட்டி
ஓடிக்கொண்டே.