தலைப்புக்காரி

ஒரு தலைப்புக்கு இருநூறு கொருனா.
படம் பிடிப்பவன் ராதோவான்,
பார்க்க வைப்பவள் நான்.

'சாகும்வரை மேதை மறைத்த ஒளி ரகசியம்!'
ஜன்னலோரம் உட்காருங்கள், அவ்வளவுதான் ரகசியம்.
'இந்த லென்ஸை இன்றே தூக்கி எறியுங்கள்!'
அவன் எறியவில்லை,
தவணை இன்னும் பாக்கி.

வாரம் ஒரு மேதை அவனுக்கு.
மலைக்கு மேலே நிலவை நிறுத்தி
கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே
சாம்பலை எண்ணி எண்ணி வைத்தவருக்காக
ஒஸ்த்ராவாவின் கசடுமேட்டில் ஏறிக் காத்திருந்தோம்.
மேகம் வந்தது, பிறகு காவலாளி.
மனிதர்களைச் சதுரத்துக்குள் நேராக நிறுத்தி
உறைய வைத்தவருக்காக
என் மாமாவைச் சமையலறைச் சுவரோடு ஒட்டி
சிரிக்காதே, சிரிக்காதே என்றோம்.
அதைக் கேட்டே சிரித்துவிட்டார்.

புலியைப் பார்த்துப் பூனை
சூடு போட்டுக்கொண்ட கதை.
பூனைக்காவது வலித்திருக்கும்.

இந்த வாரம் குட்டை.
குதிகால் நீரைத் தொடுவதற்கு
ஓர் இமைப்பு முன்னால்
அந்தரத்தில் நிற்க வேண்டும் ஒரு மனிதர்.
நவம்பர். மழையில்லை.
எட்டாம் எண் ட்ராம் திரும்பும் முனையில்
ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டி
தற்செயலைத் தயார் செய்தான் ராதோவான்.

வந்தவள் த்ராஹோமீரா, ட்ராம் ஓட்டுநர்,
வேலை முடிந்து, கையில் கசகசா ரொட்டி.
'ஒரே ஒரு தாண்டல்' என்றான்.
தாண்டினாள். குதிகால் முந்திவிட்டது.
மறுபடி. குறுக்கே நாய்.
மறுபடி. வெளிச்சம் போய்விட்டது.
குட்டையைத் தார் குடித்துவிட,
மறுபடி வாளி, மறுபடி அவள்.
பதினான்காவது முறை
'என் முழங்காலில் எஃகு வைத்துத் தைத்திருக்கிறார்களடா!' என்று
ரொட்டிப் பையாலேயே
அவன் வழுக்கையில் ஒரு தட்டு.
கசகசா சிதறியது.
இருவரும் சிரித்தார்கள், வெகுநேரம்.

மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும்
முடிச்சுப் போடுவது என் பிழைப்பு.
அன்று இரண்டுமே
தாமாக வந்து மடியில் விழுந்தன.
இரவு சிரிப்பை வெட்டி எறிந்துவிட்டு எழுதினேன்:
'கேமராக்காரனை நடுத்தெருவில் தாக்கிய பெண்!'
முகப்பில் ஒரு சிவப்பு வட்டம்,
வட்டத்துக்கு ஒரு மஞ்சள் அம்பு.

ஒன்பது லட்சம் பேர் பார்த்தார்கள்.

செவ்வாய்க்கிழமை எட்டாம் எண்ணில் ஏறினேன்.
ஓட்டுநர் கண்ணாடியைத் தட்டினான் ஒரு பையன்:
'என்னையும் அடிப்பாயா?'
போனை உயர்த்திப் பிடித்திருந்தான்.
அவள் திரும்பவில்லை.
மணியடித்தாள், அடுத்த நிறுத்தத்தின் பெயரைச் சொன்னாள்,
பெயர் பாதியில் உடைந்தது,
முழுதாக இன்னொரு முறை சொன்னாள்.
கடைசி நிறுத்தத்தில்
கண்ணாடியின் விரல்ரேகைகளை
சட்டைக் கையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.
நான் பின்வாசல் வழியாக இறங்கினேன்.

வீட்டில், வெட்டாத பதிவை ஓடவிட்டேன்.
ஒன்பதாவது தாண்டலுக்கும் பத்தாவதற்கும் நடுவே
யாரும் அணைக்காத கேமரா:
நிரம்பிய வாளியோடு தள்ளாடி வருகிறான் ராதோவான்.
அவள் போய்க் கைப்பிடியின் மறுபாதியைப் பற்றுகிறாள்.
இருவரும் இரு பக்கம் சாய்ந்து,
தளும்பும் நீர் நான்கு காலணிகளிலும்,
ஏதோ சொல்கிறாள், காற்று தின்றுவிடுகிறது.
அவன் தலையிலிருந்து ஒரு மின்கம்பம் முளைத்திருக்கிறது.
துல்லியமாகத் தெரிவது நாய் மட்டும்.
இப்படி யாரும் எடுத்ததில்லை,
எடுக்கவும் மாட்டார்கள்.

அவனைக் கேட்காமல் ஏற்றினேன்.
தலைப்பு: 'இருவர் ஒரு வாளியைத் தூக்குகிறார்கள்.'
வட்டமில்லை, அம்பில்லை.
முப்பத்தாறு பேர் பார்த்திருக்கிறார்கள்,
அதில் பத்து முறை நான்.

மற்றதை நீக்கச் சொன்னேன்.
தவணைச் சீட்டைக் காட்டினான்.
ஒன்பது லட்சம் பத்தாகிவிட்டது இதற்குள்.
'இந்த வாளித் தலைப்புக்கும் இருநூறா?' என்றான்.
ஆமாம் என்றேன்.
வாங்கியும்கொண்டேன்.