முப்பத்தெட்டு, இருபத்தொன்பது

லிங்கராஜபுரம் மேம்பாலம், இரவு ஒன்றே கால்.
பின்னால் குளிர்பெட்டிக்குள்
நின்றுபோன ஒரு நிச்சயதார்த்தத்தின் கேக்,
மூன்று அடுக்கு.
பணம் வந்துவிட்டது, ஆள்தான் வரவில்லை என்றாள் சகாயமேரி.
இதைவிட நல்ல கருவி
என் பட்டறையில் இல்லை.

வலக்கால் அவளுக்கு ஒத்துழைக்காது.
ஆக்சிலரேட்டர் இடக்கை நெம்புகோலில்,
ஸ்டியரிங் குமிழ் வலக்கையில்.
கம்பெனிக்காரன் கியர்பெட்டிக்குச் சொல்லிக் கொடுத்ததெல்லாம்
ஒரு பாதத்தின் பாஷை.
விரல் அப்படிப் பேசாது.
அதோடு பெட்டி, கம்ப்ரஸர்,
இருநூற்றுப் பத்துக் கிலோ கூடுதல்.
ஏற்றம் வந்தால் போதும்,
இரண்டா மூன்றா, இரண்டா மூன்றா என்று
கடன்காரனைக் கண்டவன் மாதிரி
சந்துக்குள் நுழைவதும் எட்டிப் பார்ப்பதும்.

மடியில் லேப்டாப். டேஷ்போர்டுக்கு அடியில் கேபிள்.
முதல் ஓட்டம்:
முப்பத்தெட்டில் மூன்றுக்கு ஏறுகிறது,
முப்பத்தைந்தில் இரண்டுக்கு இறங்கிவிடுகிறது.
இத்தனை சின்ன இடுக்கில்
நானும் தடுமாறியிருப்பேன்.
பாலத்தின் தோளில் ஓர் உதறல்.
பின்னாலிருந்து மெத்தென்று ஒரு சத்தம்.
"தூண் போச்சு" என்றாள்,
கண்ணாடியைக்கூடப் பார்க்காமல்.

ஏறும் எண்ணில் கைவைக்கவில்லை,
அது அவள் கைக்குப் பழகியது.
இறங்கும் எண்ணைத் தாழ்த்தினேன். முப்பத்து மூன்று.
அப்புறம் முப்பத்தொன்று.
மாறும்போது எண்ணெய் அழுத்தத்தையும் கொஞ்சம் தளர்த்தினேன்;
அதிகம் தளர்த்தினால் வழுக்கும்,
வழுக்கினால் தகடு கருகும்,
கருகினால் அந்த நாற்றத்தோடு
அவள் முகத்தில் விழிக்க முடியாது.

ஐந்தாவது சுற்றில்
தடுப்பைக் குறுக்கே இழுத்துப் போட்டார் கான்ஸ்டபிள்.
"எல்லிகம்மா இஷ்டொத்தல்லி?"
அவள் கன்னடத்தில் சொன்னாள், கேக் என்று.
நான் கன்னடத்தில் சொன்னேன், கியர் என்று.
இரண்டையும் நம்பாமல்
கதவைத் திறக்கச் சொன்னார்.

டார்ச் வெளிச்சத்தில்
உச்சி அடுக்கு ஒருக்களித்துக் கிடந்தது.
மோனிஷா அப்படியே இருந்தாள்.
ஜோயலில் பாதி
பெட்டிச் சுவரில் அப்பியிருந்தது.
"யாரு ஜோயல்?"
"யாருக்குத் தெரியும் சார்."
"பையன் வரலையா?"
"பொண்ணுதான் வேணாம்னுட்டாளாம்."
"ம். தைரியம்தான்."

அவர் போன பிறகுதான் உறைத்தது,
கடைசியில் தமிழில் பேசிக்கொண்டிருந்தோம்.
எங்கே மாறியது?
பின்னோக்கி ஓட்டிப் பார்த்தேன்.
'யாரு'வில்தான் இருக்கவேண்டும்.
அந்தச் சொல் இரண்டு பக்கமும் ஓடும்.
அதில் ஏறி அந்தப் பக்கம் இறங்கியிருக்கிறோம்
மூன்று பேரும்,
ஒரு குலுக்கலும் இல்லாமல்.
கையில் ஒரு துண்டோடு போயிருந்தார்,
மோனிஷாவின் முதலெழுத்து.

இருபத்தொன்பது என்று தட்டினேன்.

ஏற்றம் தொடங்கியது.
நெம்புகோலை நூலிழுப்பதுபோல இழுத்தாள்.
நான் உதறலுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.
பாலத்தின் முதுகு வந்தது,
தாண்டியது.
ரயில் பாதை கீழே கறுப்பாகக் கிடந்தது.
"எப்போ மாத்தும்?" என்றாள்.
"மாத்திடுச்சு" என்றேன்.
அவள் நம்பவில்லை. திரையைத் திருப்பிக் காட்டினேன்.
"இன்னொரு வாட்டி" என்றாள்.

இன்னும் மூன்று வாட்டி போனோம்.
கடைசி இரண்டும் வேலைக்காக இல்லை.

பட்டறை ஷட்டருக்கு வெளியே
ஸ்பேனர் பெட்டியின் மேல் பேப்பர் விரித்து
அடி அடுக்கை வெட்டினோம்.
கிரீஸ் நகத்தோடு சாப்பிட்டேன்.
காலை ஏழு மணிக்கு அவளுக்கு ஒயிட்ஃபீல்டில் டெலிவரி,
நூறு கப்கேக், ஒரு பிறந்தநாள்.
பில்லில் 'ட்யூனிங்' என்று எழுதி
தொகையை எழுதாமல் பேனாவைப் பிடித்திருந்தேன்.
"எழுதுங்க" என்றாள்,
"ஜோயல் கொடுத்த காசுதான்."