இருப்பு இல்லை

மேலூர்ப் பக்கம் கிரஷர்கள் நின்று
இன்றோடு முப்பத்தெட்டு நாள்.
எங்கள் வீடு இடுப்பளவில் நிற்கிறது.

நிலை மட்டும் வைத்துவிட்டோம்,
வைகாசியிலேயே, நல்ல நேரம் பார்த்து.
மஞ்சள் துணியில் முடிந்த நவதானியம்
மழைக்கு நனைந்து
முளைவிட்டு, காய்ந்தும் போனது.
ஊமச்சிகுளத்து ஆடுகள்
எந்தச் சுவரையும் தாவிக் குதிக்கலாம்.
ஆனாலும் வாசல் வழியாகத்தான் வருகின்றன,
வாசல் வழியாகவே போகின்றன.
அந்த மரியாதைக்காக
நான் அவற்றை விரட்டுவதில்லை.

மொக்கச்சாமி கொத்தனார்
வாரம் ஒருமுறை வந்து பார்க்கிறார்,
சீக்காளியைப் பார்க்க வருகிறவர் போல.
நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளுக்கு
துருப்பிடிக்காமலிருக்க சிமெண்டுப் பால் தடவுகிறார்.
"எம்சாண்டு ரெண்டு லோடு கெடச்சாப் போதும்த்தா,
லிண்டல் வரைக்கும் ஏத்திருவேன்."
லிண்டல் ஏறினால்தான்
வங்கியில் அடுத்த தவணை.
மணல் இல்லாமலும் ஏறுவது
வட்டி ஒன்றுதான்.

அடுக்கின் அடியில் கிடந்த
நாலு மூட்டை சிமெண்டு கல்லாகிவிட்டது.
அதில் ஒன்றைத் தவசி
மோட்டார் ரூமுக்குப் படியாகப் போட்டிருக்கிறார்.
இதுவரை கட்டி முடித்தது
அந்தப் படி மட்டும்தான்.

செல்லூரில் வாடகை வீட்டுக்காரர்
"ஆவணியில காலி பண்றேன்னீங்களேம்மா" என்கிறார்.
சொன்னேன்தான்.

நான் ரேஷன் கடையில் வேலை பார்க்கிறவள்.
பத்தொன்பது வருஷமாக
ஒரே வாக்கியத்தைச் சொல்லிச் சம்பளம் வாங்குகிறேன்.
"பருப்பு வரல. பாமாயில் வரல.
திங்கக்கிழமை வந்து பாருங்க."
முகத்தைப் பார்க்காமல் சொல்லப் பழகிவிட்டால்
அது அப்படியொன்றும் கஷ்டமில்லை.
பில் மிஷின் திரையைப் பார்த்தபடி,
ரேகை தேய்ந்த விரலை
மறுபடி மறுபடி அழுத்தச் சொன்னபடி.

போன வியாழன்
அரைநாள் லீவு போட்டுவிட்டு
வெள்ளனவே போய் நின்றேன்,
ஒத்தக்கடை தாண்டி, மணல் யார்டில்.
முன்னால் பதினோரு பேர்.
தரையில் லாரி நின்ற தடம்,
கூட்டி அள்ளியதுபோக மிச்சமாய்
சாம்பல் நிறத்தில் கொஞ்சம் தூசி.
கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பையன்
செல்போனைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:
"லோடு வரலக்கா.
திங்கக்கிழமை வந்து பாருங்க."

எனக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது.
அந்த இழுப்பு, அந்தப் "பாருங்க",
என் வாயிலிருந்து கழன்று
எனக்கு முந்தின பஸ்ஸைப் பிடித்து வந்து
அங்கே உட்கார்ந்திருந்தது.

பிறகு நிமிர்ந்தான்.
"ரேஷன் கடை அக்காதான நீங்க?
வீராயி மகன்க்கா. அகிம்சாபுரம், நாலாவது தெரு."

வீராயியை எனக்குத் தெரியும்.
ஒரு தீபாவளிக்கு
சீனி இல்லையென்று மூன்று முறை திருப்பி அனுப்பினேன்.
இரண்டு முறை நிஜமாகவே இல்லை.
மூன்றாம் முறை
உள்ளே ஒரு மூட்டை இருந்தது.
யாருக்கு எடுத்து வைத்தேன் என்பது
இப்போது எதற்கு.

யார்டின் பின்பக்கம்
தார்ப்பாய் போட்டு மூடிய ஒரு குவியல்.
மணலாக இருக்கலாம். ஜல்லியாக இருக்கலாம்.
பழைய டயர்களாகவும் இருக்கலாம்.
நான் பார்ப்பதை அவன் பார்த்தான்.
"நெசமாவே இல்லக்கா" என்றான்.
"சரிப்பா" என்றேன்.
வீராயியும் அன்றைக்கு
"சரித்தா" என்றுதான் சொன்னாள்,
பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு.

திரும்பும் வழியில் மனைக்குப் போனேன்.
பொழுது ஏறியிருந்தது.
நிலைக்குக் கீழே, அந்த ஒரு கோடு நிழலில்
குட்டி ஈன்ற ஆடு ஒன்று படுத்திருந்தது.
நான் சுவரைத் தாண்டி உள்ளே போனேன்.

இன்று திங்கட்கிழமை.
யார்டுக்குத் தவசியை அனுப்பியிருக்கிறேன்,
போன் இன்னும் அடிக்கவில்லை.
இங்கே பருப்பு வரவில்லை.
வரிசையில் ஐந்தாவதாக வீராயி.
மகன் அவளிடம்
என்ன சொல்லியிருப்பானோ.