பதினான்கு லிட்டர்

எங்கள் டிராக்டர் சாலையில் ஓடுவதில்லை.
ஆகவே சாலைக்கென்று டீசலில் பிடித்த வரியில்
ஒரு பங்கைத் திருப்பித் தருகிறது அரசாங்கம்.
சும்மா இல்லை.
எத்தனை லிட்டர், எந்தத் துண்டு, என்ன வேலை,
மீட்டர் எங்கே நின்றது,
அத்தனையும் நோட்டில் ஏற வேண்டும்.
ஓட்டுவது தயாளன். எழுதுவது நான்.

நாலாம் துண்டு, மறுதாம்புக்கு உரம்: ஒன்பது.
வெட்டிய கரும்பை ஏற்றுமேடைவரை இழுத்தது: இருபத்தொன்று.
கடைக்குப் போய் ரொட்டி வாங்கியது: அரை.
அதைத் தகுதியில்லாத பத்தியில் போடுங்கள்
என்றார் கணக்கர் மூட்லி.
போட்டேன்.
ரொட்டி விவசாயத்தில் சேராதாம்.

டோங்காட் ஆறு கரும்புக்குள் ஏறிய இரவுக்கு
நோட்டில் துண்டு எண் இல்லை.
பதினான்கு லிட்டர் என்று இருக்கிறது.
வேலை என்ற இடத்தில் ஒரே சொல்: 'ஏற்றியது.'
கரண்ட் இல்லை, மெழுகுவத்தியில் எழுதினேன்,
எழுத்து கோடு தாண்டிப் போயிருக்கிறது.

பதினொரு மாதம் கழித்து டர்பனிலிருந்து
வரி அலுவலகத்து ம்தெத்வா போன் செய்தார்.
மிசஸ் படையாச்சி, ஏப்ரல் பதினொன்று, பதினான்கு லிட்டர்.
வண்டி ஓடியது சாலையிலா, வயலிலா?
ஆற்றில், என்றேன்.

தட்டச்சுச் சத்தம் நின்றது.
அப்படி ஒரு பத்தி இல்லையே, என்றார், மெதுவாக.

சாலை இருந்த இடத்தில்தான் போனார் தயாளன்.
சாலை கீழே எங்கோ இருந்தது.
கரும்பு ஏற்றும் டிரெய்லரில்
தகரக் குடிசைகளிலிருந்து ஏழு பேர்,
ஒரு தையல் மெஷின், ஓர் ஆடு.
மூன்று நடை.
வகுத்துப் பார்த்தேன்: ஆளுக்கு இரண்டு லிட்டர்.
ஆட்டைச் சேர்க்கவில்லை.

தகுதியற்றது என்று நீங்களே திருத்தி அனுப்புங்கள்,
அபராதம் இல்லாமல் முடித்துவிடுகிறேன்.
நாற்பத்துச் சொச்சம் ராண்டுதான்.
போனை வைக்குமுன் கேட்டார்:
எல்லோரும் வந்து சேர்ந்தார்களா?
அந்தக் கேள்வி எந்தப் படிவத்திலும் இல்லை.

ஏழு பேர், என்றேன்.
மானிய அட்டையை எடுத்துவர
இடுப்பளவுத் தண்ணீரில் திரும்பிப் போன
சூங்குவைப் பற்றிச் சொல்லவில்லை.
மூன்றாம் நடைக்கு அவர் கதவே இல்லை.
அட்டை இல்லாவிட்டால் மாதம் எப்படி ஓடும்
என்று கேட்டுவிட்டுப் போனாராம்.

எங்கள் மூன்று ஏக்கர் வண்டலுக்கடியில்.
வெள்ள நிவாரண மனு பரிசீலனையில் இருக்கிறது,
அதாவது யாரோ ஒருவருடைய மேசையில்.
அதற்குள் வண்டலில் புல் முளைத்துவிட்டது.
புல்லுக்குப் போட்டோ கேட்டால் தரலாம்.

திருத்தி அனுப்பிய வாரம்
சூங்குவின் மனைவி மேட்டில் ஏறி வந்தாள்.
கையில் ஒரு கோக் பாட்டில்,
உள்ளே மஞ்சளாக டீசல்.
அன்றைக்கு என் பங்கு, என்றாள்.
வேண்டாம் என்றேன். அவள் பாட்டிலை நீட்டியபடியே நின்றாள்.
தயாளன் வாங்கி டாங்கில் ஊற்றினார்,
கடைசிச் சொட்டுவரை, பாட்டிலைத் தட்டித் தட்டி.

ரசீது இல்லாத டீசலுக்குச் சலுகை கிடையாது.
நோட்டைத் திறந்தேன்.
'வரவு, இரண்டு லிட்டர்' என்று எழுதி
எங்கிருந்து என்ற கட்டத்தில்
பேனாவை வைத்தபடி உட்கார்ந்திருக்கிறேன்.
வெளியே வண்டியைக் கிளப்பிவிட்டார்.
மீட்டர் ஓடுகிறது.